படகு இறக்கும் இடத்துக்கு வாயில் எதற்கு?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபோலிஸ் நகரத்துக்குள் ஹாரியட், பிடே மகா ஸ்கா, நொகோமிஸ் ஆகிய ஏரிகளில் டிரெய்லரிலிருந்து படகை நீரில் இறக்குவதற்கான கான்கிரீட் சரிவுத்தளங்கள் இருக்கின்றன. மூன்றும் நகரப் பூங்காக்களின் எல்லைக்குள் அமைந்தவை. மே மாதத் தொடக்கம் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, ஆய்வாளர் ஒருவர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே அவற்றின் வாயில் திறந்திருக்கும். அவர் வேலை முடிந்து கிளம்பும்போது வாயிலும் மூடப்படும். வேறு ஏரியிலிருந்து அந்நியச் சிப்பியோ களையோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று உள்ளே போகும் படகையும் அவர் பார்ப்பார், வெளியே வரும் படகையும் பார்ப்பார். இங்கே சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்களிடையே ஒவ்வொரு வசந்தத்திலும், பனி உருகி டிரெய்லர் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் நாள்களில், இந்த வாயிலைப் பற்றிய வாக்குவாதம் தவறாமல் தொடங்கிவிடும். பொதுச்சொத்துக்குப் பூட்டு போடலாமா என்பது ஒரு கட்சி. பூட்டியும் அந்தச் சிப்பி வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கெடுபிடி என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேராதவன். வாயில் வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் வாயிலைவிட அங்கே நிற்கும் ஆள் முக்கியம் என்பதையும், ஆள் நிற்கும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு பூட்டை மட்டும் காப்பாற்றுவது வீண் என்பதையும் அதோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக இந்த ஏரிகளின் நிர்வாகத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். மினியாபோலிஸில் பூங்காக்கள் மாநகராட்சியின் ஒரு துறையாக இயங்கவில்லை. 1883ஆம் ஆண்டு தோன்றிய பூங்கா வாரியம் தனி அமைப்பு. அதன் ஒன்பது உறுப்பினர்களையும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கென்று தனிக் காவல் பிரிவும் உண்டு. அந்த வாரியம் தொடக்க காலத்திலேயே செய்த ஒரு காரியத்தின் பலனைத்தான் நாங்கள் இன்றும் அனுபவிக்கிறோம். ஏரிகளைச் சுற்றியிருந்த நிலத்தை அது விலை கொடுத்தும் நன்கொடையாகவும் வாங்கிப் பொதுவாக்கிவிட்டது. ஹாரியட் ஏரியை எதிர்கொண்டு மாளிகை மாளிகையாக வீடுகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கும் நீருக்கும் நடுவே சாலையும் நடைபாதையும் சைக்கிள் தடமும் புல்வெளியும் ஓடுவதால், எவ்வளவு பெரிய பணக்காரரானாலும் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து படகை இறக்கிவிட முடியாது. அவரும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு சரிவுத்தளத்துக்கு வந்தாக வேண்டும், வரிசையில் நின்றாக வேண்டும். வாயில் என்ற ஏற்பாடு இங்கே நியாயமாகத் தோன்றுவதற்கு இந்தப் பழைய நில வரலாறே அடிப்படை. இங்கிருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் மினடோங்கா ஏரி. அங்கே கரையின் பெரும்பகுதியில் தனியார் வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரு படகு மேடை. அங்கே பொதுச் சரிவுத்தளத்தில் மட்டும் ஆய்வாளரை நிறுத்தினால், அது வெளியிலிருந்து வருபவர்களைச் சோதிப்பதாகவே முடியும். கரையோர வீட்டுக்காரரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

நகர ஏரிகளில் பெட்ரோல் இயந்திரங்களுக்கு அனுமதி இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய மின்மோட்டார், பாய்மரம், துடுப்பு, இவ்வளவுதான். அதனால் பெரிய அலை கிளப்பும் படகுகளோ, அவற்றின் அடிவயிற்றில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஏரி நீரைச் சுமந்துவரும் எடைத்தொட்டிகளோ எங்கள் பிரச்சினையில் சேரவில்லை. வருபவை பெரும்பாலும் என்னுடையதைப் போன்ற அலுமினிய மீன்பிடிப் படகுகளும் பாய்மரப் படகுகளும்தான். ஆனால் இந்தச் சிறிய படகுகள் ஒரே ஏரியில் தங்கி நிற்பதில்லை. சனிக்கிழமை மினடோங்காவில் மிதந்த படகு ஞாயிற்றுக்கிழமை ஹாரியட்டுக்கு வரும். விடுமுறையில் வடக்கே மில் லாக்ஸ் ஏரி வரை போய் வரும். வாயிலின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஸீப்ரா மஸ்ஸல் என்பது விரல்நகம் அளவுள்ள, உடலில் வரிக்குதிரையைப் போன்ற கோடுகள் கொண்ட ஒரு சிப்பி. கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் ஒட்டிய பகுதிகள் அதன் பூர்வீகம். கடல் கடந்து வந்த சரக்குக் கப்பல்களின் சமநிலை நீரில் பயணம் செய்து வட அமெரிக்காவின் பேரேரிகளை அடைந்தது. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே மினசோட்டாவின் டுலூத் துறைமுகத்தில் இருந்தது. ஒரு பெண் சிப்பி ஓராண்டில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அவற்றிலிருந்து வெளிவரும் இளம் உயிரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வாரங்கள் நீரில் மிதந்து திரியும். பிறகு கல், குழாய், படகின் அடிப்பகுதி, வேறு சிப்பியின் முதுகு என்று எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்பதால், ஏரி நீர் பார்வைக்குத் தெளிந்துவிடும். நீர் தெளிந்தது நல்லதுதானே என்று முதலில் தோன்றும். குஞ்சு மீன்களுக்குப் போக வேண்டிய உணவு போய்விட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். குளிக்க இறங்குபவர்களின் உள்ளங்காலைச் சிப்பி ஓடுகள் கிழிப்பது தனி. முக்கியமான செய்தி என்னவென்றால், ஒரு ஏரியில் அது நிலைகொண்டுவிட்டால் முற்றாக நீக்குவதற்கு இன்றுவரை நடைமுறையான வழி இல்லை. ஆகவே உள்ளே வராமல் தடுப்பது ஒன்றே கையிலுள்ள உபாயம். டிரெய்லரில் வரும் படகுகள் ஏரிக்குள் நுழையும் இடம் சரிவுத்தளம் என்பதால், தடுப்பவர்களின் கவனமெல்லாம் அங்கே குவிந்தது.

2010இல் மினடோங்காவில் அந்தச் சிப்பி உறுதியானபோது மினியாபோலிஸுக்குக் கலக்கம் ஏற்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மினடோங்காவிலிருந்து புறப்படும் மினஹாஹா ஓடை நகரத்தின் தெற்குப் பகுதி வழியாக வளைந்து வந்து, ஹயவாதா ஏரிக்குள் புகுந்து வெளியேறி, அருவியாக விழுந்து, மிசிசிப்பி ஆற்றில் கலக்கிறது. ஓடையில் மிதந்துவரும் இளம் சிப்பியை எந்த ஆய்வாளரும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. எதிர்பார்த்தபடியே 2013இல் ஹயவாதாவில் சிப்பி உறுதியானது. ஓடைக்கு அருகிலேயே இருக்கும் நொகோமிஸ் ஏரியின் நிலை வேறு. அதற்கும் ஓடைக்கும் நடுவே ஒரு தடுப்பணை இருக்கிறது. ஓடையில் வெள்ளம் ஏறும்போது அந்த நீர் ஏரிக்குள் பின்னோக்கிப் பாயாமல் அது தடுக்கிறது. ஹாரியட் ஏரி ஓடைக்கு நீர் கொடுக்கும் ஏரியே அன்றி வாங்கும் ஏரி அன்று. ஆக, ஓடை வழியாக வரும் ஆபத்து ஒவ்வோர் ஏரிக்கும் வெவ்வேறு அளவில் இருந்தது; சாலை வழியாக வரும் ஆபத்து மட்டும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது. 2012 முதல் பூங்கா வாரியம் சரிவுத்தளங்களில் ஆய்வாளர்களை நிறுத்தியதன் தர்க்கம் இதுதான். பாய்ந்துவரும் நீரைத் தடுப்பது அணையின் வேலை, உருண்டுவரும் சக்கரத்தைத் தடுப்பது ஆளின் வேலை.

இனி அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஆய்வாளர்களில் பலர் கோடைக்கால வேலைக்கு வந்த கல்லூரி மாணவர்கள். கையில் ஒரு டேப்லெட் இருக்கும். முதல் கேள்வி, இந்தப் படகு கடைசியாக எந்த ஏரியில் இருந்தது என்பது. இரண்டாவது, அங்கிருந்து எடுத்து எத்தனை நாளாயிற்று என்பது. இந்த இரண்டுக்கும் சொல்லும் பதிலைப் பொறுத்து அவருடைய பார்வை கூர்மையாவதைக் கவனிக்கலாம். 'இதே ஏரிதான், போன வாரம்' என்றால் சுற்றிவந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார். 'மினடோங்கா, நேற்று' என்றால் குனிந்துவிடுவார். படகின் பின்புறத்தில் அடியில் உள்ள வடிகால் துளையில் பிளக் பொருத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். சாலையில் படகை இழுத்துச் செல்லும்போது பிளக்கைக் கழற்றி வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நீரில் இறக்குவதற்குச் சற்று முன்புதான் அதைத் திருகிப் பொருத்த வேண்டும். மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். டிரெய்லரின் அச்சு, சக்கரத்தின் உட்புறம், படகைத் தாங்கும் கம்பளம் சுற்றிய மரக்கட்டைகளின் இடுக்கு, மோட்டார் விசிறியின் தண்டு ஆகியவற்றில் நீர்க்களை சிக்கியிருக்கிறதா என்று தேடுவார். யூரேசியன் மில்ஃபாயில் என்னும் களை 1987இல் மினடோங்காவில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து மாநிலம் முழுவதும் பரவியது. விரல் நீளத் துண்டு ஒன்று வேறு ஏரியில் விழுந்தாலே அது வேர்பிடித்துவிடும் என்பதால் இந்தத் தேடல்.

கடைசியாக, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையால் படகின் அடிப்பகுதியை நீளவாக்கில் தடவுவார். ஒட்டிய புதிதில் சிப்பிகள் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது. ஆனால் வழுவழுப்பாக இருக்க வேண்டிய பரப்பு உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரப்பாகக் கைக்குத் தட்டுப்படும். இந்த ஒரு காரியத்தைச் செய்ய எந்தக் கேமராவாலும் முடியாது. வாயிலில் ஆளுக்குப் பதிலாகக் கேமராவும் தானியங்கித் தடுப்பும் வைத்துவிட்டால் செலவு மிச்சம் என்று யோசனை சொல்பவர்கள் ஒருமுறையேனும் அந்தத் தடவலை அருகில் நின்று பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் படகை இறக்க அவர் மறுக்கலாம். வெந்நீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கே ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள நீரைப் பாய்ச்சிச் சிப்பிகளைக் கொல்வார்கள். சுத்தமான படகுக்கு இந்தச் சோதனை முழுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நான்கைந்து படகுகள் வரிசையில் நின்றால்தான் பொறுமை சோதிக்கப்படும், அதிலும் பாதி நேரம் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டத் தெரியாத ஒருவரால் போவது.

இவ்வளவும் செய்து என்ன கண்டீர்கள் என்று இரண்டாவது கட்சியினர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பரில் ஹாரியட் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படகு உறையில் ஸீப்ரா மஸ்ஸல் ஒட்டியிருந்தது உறுதியானது. படகு அல்ல, படகை மூடும் துணி. தொடர்ந்து நீரில் மூழ்கியும் ஆழமில்லாத கரையோரங்களில் நடந்தும் ஏரியில் தேடினார்கள். அப்போது வேறு சிப்பி எதுவும் அகப்படவில்லை. அடுத்த ஆண்டு பிடே மகா ஸ்காவில் உறுதியானது. வாயிலைக் கேலி செய்பவர்களுக்கு இது நல்ல தீனியாக அமைந்தது. என்னைக் கேட்டால், இந்தச் சம்பவம் வாயில் பொய்த்ததைக் காட்டவில்லை. எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதைக் காட்டியது. படகின் அடியையும் மோட்டாரையும் பார்த்துப் பழகிய கண், அதன் மேலே மடித்துக் கட்டிய உறையையும், நங்கூரக் கயிற்றையும், மிதவைகளில் கட்டும் சங்கிலியையும் பார்க்க வேண்டும். ஓர் ஏரியில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த பொருள் வேறோர் ஏரிக்கு மாறும்போதுதான் ஆபத்து மிகுதி. படகு மேடைகளையும் படகுத் தூக்கிகளையும் ஓர் ஏரியிலிருந்து எடுத்தால், இன்னோர் ஏரியில் வைப்பதற்கு முன் 21 நாள் உலர்த்த வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்வது இதனால்தான்.

சிப்பி வந்துவிட்ட ஏரிக்கு இனி எதற்குக் காவல் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வெளியே போகும் படகையும் சோதிப்பதன் பொருளை மக்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். ஹாரியட்டைக் காப்பாற்றுவது மட்டும் ஹாரியட்டின் வாயிலுக்கு வேலை அன்று. ஹாரியட்டிலிருந்து கிளம்பும் படகு நாளைக்குப் போகவிருக்கும் ஏரியையும் அது காக்கிறது. மினசோட்டாவின் ஏரிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே இத்தகைய அந்நிய உயிரிகளால் பாதிக்கப்பட்டவை என்று பட்டியலில் உள்ளன. மீதி அனைத்தும் இன்னும் காப்பாற்றக்கூடியவை. அதோடு, வரிசையில் காத்திருக்கும் ஆபத்து ஸீப்ரா மஸ்ஸல் மட்டும் அன்று. 2015இல் கொரோனிஸ் ஏரியில் ஸ்டாரி ஸ்டோன்வர்ட் என்ற பாசி மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது அடர்ந்து மண்டினால் துடுப்புப் போடவே இடம் இருக்காது. ஒரு திருடன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்பதற்காகக் கதவைக் கழற்றி வைத்துவிடுவது யாருடைய வழக்கமும் இல்லை.

பொது நுழைவை ஒரேயடியாக மூடிவிடுவதைப் பற்றியும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் அந்த யோசனையும் அவ்வப்போது தலைதூக்குகிறது. மினடோங்காவை ஒட்டியிருக்கும் கிறிஸ்துமஸ் ஏரி நீர்த்தெளிவுக்குப் பெயர்போனது. 2014 ஆகஸ்டில் அங்கே, பொதுச் சரிவுத்தளத்துக்குப் பக்கத்திலேயே, இளம் சிப்பிகள் தென்பட்டன. சரிவுத்தளத்தை மூடினார்கள், அந்த மூலையைத் திரை கட்டிப் பிரித்தார்கள், முதலில் நுண்ணுயிர் சார்ந்த ஒரு மருந்தையும், பிறகு செம்பு கலந்த மருந்தையும், குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் பொட்டாசியம் உப்பையும் செலுத்தினார்கள். மறு ஆண்டு மருந்திட்ட எல்லைக்கு வெளியே சிப்பிகள் இருந்தன. இவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்து, இவ்வளவு செலவு செய்து, நுழைவையும் மூடிப் பார்த்த ஓர் ஏரியின் கதை இது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தெரிந்த பிறகு மூடுவது காலங்கடந்த வேலை என்பதே. தெரிவதற்கு முன் மூடுவதென்றால் யாருக்காக மூடுவது? கரையோரத்தில் வீடு உள்ளவர் எப்படியும் நீரில் இறங்குவார். மூடப்படுவது வீடில்லாதவருக்கு மட்டும்தான். மினசோட்டாவில் ஏரி நீர் மாநில மக்கள் எல்லோருக்கும் பொது. கரை தனியாருடையதாக இருக்கலாம், நீர் ஒருவருடையதும் அன்று. பொதுச் சரிவுத்தளத்தை மூடினால் அந்தப் பொதுமை ஏட்டளவில் நின்றுவிடும்.

இன்னொரு வழியும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017இல் ரைட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) ஆனண்டேல் என்ற சிற்றூரில் ஒரு பொதுச் சோதனை நிலையம் வைத்து, அங்கே படகைக் காட்டி, முத்திரைக் கம்பி கட்டிக்கொண்டு, அதன்பிறகே குறிப்பிட்ட மூன்று ஏரிகளுக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆள் செலவு குறையும், எந்தப் படகும் சோதனை இல்லாமல் இறங்காது என்பது அதன் வாதம். மீன்பிடிப்பவர்கள் பலர் எதிர்த்தார்கள். வழிவிலகி ஓர் ஊருக்குப் போய்க் காத்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதால், அரைநாள் விடுப்பில் மீன்பிடிக்க வருபவரின் பொழுது அதிலேயே கரைந்துவிடும். எனக்கு அந்த முத்திரை என்ற கருத்து மட்டும் பிடித்திருக்கிறது. ஒரு ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகையும் டிரெய்லரையும் சேர்த்து முத்திரையிட்டுவிட்டால், அதே ஏரிக்கு முத்திரை குலையாமல் திரும்பி வருபவரை நிறுத்தத் தேவையில்லை. எப்போதும் ஒரே ஏரியில் மீன்பிடிக்கும் முதியவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆய்வாளரின் நேரமும் மெய்யாகவே ஆபத்துள்ள படகுகளுக்குக் கிடைக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் மினசோட்டா சட்டமன்றம் அந்நிய நீருயிரிகளைத் தடுப்பதற்கென்று கவுண்டிகளுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது. பங்கீட்டு முறை சுவையானது. பாதித் தொகை ஒரு கவுண்டியில் எத்தனை சரிவுத்தளங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தும், மறுபாதி அங்கே டிரெய்லர் நிறுத்த எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தும் பிரிக்கப்படுகிறது. அதாவது, நுழைவை அகலமாகத் திறந்து வைத்திருக்கும் கவுண்டிக்குக் காவலுக்கும் கூடுதல் பணம். சட்டம் இயற்றியவர்கள் திட்டமிட்டு வைத்தார்களோ, கணக்குக்கு எளிது என்று வைத்தார்களோ, எப்படியிருந்தாலும் திறப்பும் காவலும் ஒன்றையொன்று விழுங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது.

இனி முதல் கட்சிக்காரர்களின் குறைக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்கள் பக்கம் நான் பாதியளவு சாய்பவன். ஆய்வாளர் இருக்கும்போது மட்டும் வாயில் திறக்கும் என்றால், ஆய்வாளரின் வேலைநேரமே ஏரியின் வேலைநேரமாகிவிடுகிறது. இந்த ஊரில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். வால்ஐ என்ற மீனைப் பிடிப்பவர்களுக்குத் தெரியும், அது இருட்டத் தொடங்கிய பிறகுதான் ஆழத்திலிருந்து மேடான இடங்களுக்கு இரைதேடி வரும். மீன் வரும் நேரத்தில் ஆள் கரையேற வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியே போகும் படகையும் சோதித்தாக வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் முடித்துவிட்டு வருபவர், வாடகைக் கார் ஓட்டுபவர், உணவகத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோருக்குக் கிடைக்கும் ஓய்வுநேரம் அலுவலக நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் நண்பர்கள் சிலர் மருத்துவமனைகளில் இரவுப்பணி செய்கிறார்கள். அவர்களுக்கு நகர ஏரி அருகில் இருந்தும் எட்டாத இடம். ஏரிக்கரையை எல்லோருக்கும் பொதுவாக்கிய ஊர், அதை நேரத்தால் சிலருக்கு மறுத்துவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

இதற்கு மாற்றாக மினியாபோலிஸ் முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் திறப்பு அட்டை கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சிப்பிக்கு முகவரி தெரியாது. நகரத்தில் வசிப்பவரின் படகுதான் வார இறுதியில் மினடோங்காவுக்கும் மில் லாக்ஸுக்கும் போய்வருகிறது. அட்டையைக் காட்டியதும் தானாகத் திறக்கும் வாயிலில் படகின் அடியைத் தடவிப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். பாதுகாப்பும் இல்லை, பொதுமையும் இல்லை. அண்டைப் புறநகரிலிருந்து வரும் ஒருவரைத் திருப்பியனுப்பிய திருப்தி மட்டுமே மிஞ்சும்.

கயாக், கனூ முதலியவை பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கோடையில் பிடே மகா ஸ்காவின் கரையில் எங்கு பார்த்தாலும் காரின் கூரையிலிருந்து இறக்கிய கயாக்குகள். அவை சரிவுத்தளத்தின் பக்கமே வருவதில்லை. அவற்றில் நீர் தேங்கும் அறைகள் குறைவு, பெரும்பாலும் கூரையிலேயே காய்ந்துவிடும் என்பதால் ஆபத்தும் குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அவர்களையும் வரிசையில் நிறுத்தினால் ஆய்வாளர் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாமல் போகும் என்பதால், கரையில் ஒரு பலகையும் துடைக்க ஒரு பிரஷும் வைப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

நான் வாரியத்தின் கூட்டத்தில் எழுந்து பேச வாய்ப்புக் கிடைத்தால் கேட்பது ஒன்றுதான். மூன்று ஏரிகளிலும் நேரத்தை நீட்டிக்க ஆள் இல்லை, பணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒரே ஒரு ஏரியில், முறைவைத்து வாரத்தில் இரண்டு இரவுகளாவது, இருட்டிய பிறகும் இரண்டு மணி நேரம் ஓர் ஆய்வாளரை நிறுத்துங்கள். செவ்வாய்க்கிழமை காலைகளில் மூன்று இடங்களிலும் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அந்த மணிநேரங்களைக் கொஞ்சம் இடம்மாற்றினாலே இது நடக்கும். இறங்கும் ஒவ்வொரு படகையும் டேப்லெட்டில் பதிகிறார்கள். எந்த நாளில் எந்த மணியில் எத்தனை படகு என்ற கணக்கு வாரியத்திடமே இருக்கும். அந்தக் கணக்கை ஒவ்வோர் ஏப்ரலிலும், வாயில் திறப்பதற்கு முன், நேர அட்டவணையோடு சேர்த்து வெளியிட்டால், எங்கே ஆளைக் குறைக்கலாம், எங்கே கூட்டலாம் என்று நாங்களே பேசி முடிவுக்கு வருவோம்.

இந்த ஆண்டு புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு ஒன்று. பழைய படகு வாங்கியிருந்தால், அது கடைசியாக எந்த ஏரியில் இருந்தது என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் முதலில் கேட்பது அதைத்தான். உறையைப் பிரித்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிளக்கைக் கழற்றிக் கார் சாவியோடு கோத்து வைத்தால் வீட்டில் மறந்துவிட்டு வரமாட்டீர்கள். உயிர்த்தூண்டில் மீன்கள் மிஞ்சினால் ஏரியில் கொட்டக் கூடாது. எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஏரி நீரை வடித்துவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரை மாற்றிக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் சரிவுத்தளத்தின் மேல் நின்றுகொண்டு செய்யாமல், ஓரமாக நிறுத்துமிடத்திலேயே முடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தால், பின்னால் நிற்பவர் உங்களை வாழ்த்துவார்.